இரண்டு மருமகள்கள், ஒரே பறவை

மாமனார் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல், கையால் எழுதாமல், அதே பெயர் வைத்த ஒரு கம்ப்யூட்டர் சர்வரைக் கட்டி மேய்க்க முடியுமா? சிர்கா மேய்த்தாள். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம். நடுவில் பிள்ளை பெறப் போன ஒன்றரை வருஷத்தை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.

தலைநகர் பிஷ்கெக்கில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் எந்திரங்களுக்கெல்லாம் வேட்டைப் பறவைகளின் பெயர். முதலாளி எர்மெக் மலைநாட்டுப் பெரிய ஏரி ஒன்றின் தென்கரைக்காரர். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கழுகு வளர்த்து வேட்டைக்குப் போனவர்கள். எந்திரத்துக்கு வெறும் எண் போடச் சொன்னால் அவருக்கு மானக்கேடு. அதனால் ஒன்று புர்குத், ஒன்று இதெல்கி, பழசாகி மூலையில் கிடக்கும் ஒன்று லாச்சின். இருப்பதிலேயே பெரியது, புதியது, ஷும்கார். சிர்காவின் மாமனார் பெயரும் ஷும்கார். ஊரில் எத்தனையோ கம்பெனி இருக்க, இவள் இங்கேதான் வந்து விழ வேண்டுமா!

மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம்; பட்டணத்து மருமகள்கள் நிறையப் பேர் இதையெல்லாம் காற்றில் விட்டாயிற்று. சிர்கா மலைப்பக்கத்துக் கொச்கோர்க்காரி. கல்யாணத்தன்று முக்காட்டைக் கட்டிவிடும்போது அவள் அம்மா காதோடு சொன்னது ஒன்றே ஒன்று: "வாயால சொன்னாலும் பேருதான், கையால எழுதினாலும் பேருதான். ஞாபகம் வச்சுக்க." ஞாபகம் வைத்துக்கொண்டாள். பாலிகிளினிக்கில் நர்ஸ் "பேஷண்ட் பேரு?" என்று கேட்டால் மாமனாரின் பாஸ்போர்ட்டை நீட்டுவாள். ஒரு தடவை ஒரு நர்ஸ் கோபத்தோடு, "ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? ஊமையா நீ?" என்று கேட்டுவிட்டாள். பின்னால் நின்ற மாமனார்தான் எட்டிப் பார்த்து, "ஊமை இல்லம்மா, என் மருமக" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு நர்ஸ் சிரித்துவிட்டாள்.

ஆபீசில் சிர்கா அந்த எந்திரத்தைக் 'குஷ்' என்பாள். குஷ் என்றால் வெறும் பறவை. "பறவைக்குச் சூடு ஏறுது", "பறவையில இடம் இல்ல", "பறவையை ஒரு தடவை நிறுத்திட்டுப் போடுங்க". கேட்கிறவர்களுக்கும் பழகிப்போயிற்று. உள்ளே நுழைய வேண்டுமானால் பெயரை அடிக்க மாட்டாள்; அதன் முகவரி எண்ணை அடிப்பாள். அந்த எண் அவளுக்குச் சொந்த டெலிபோன் நம்பர் மாதிரி மனப்பாடம்.

வீட்டிலும் இது தெரியும். டிராலி பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர் மாமனார். தன் பெயரில் ஒரு எந்திரம் ஓடுகிறது என்று மகன் குபாத் சொன்னதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் மருமகள் ஷூவைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னைக்கு நான் எப்படிம்மா இருந்தேன்?"

"நல்லா இருந்தீங்க அத்தா. மத்தியானம் கொஞ்சம் சூடாயிட்டீங்க."

"வயசாகுதுல்ல!" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்வார்.

அந்தக் குழந்தையால்தான், சரியாகச் சொன்னால் அந்தக் கிழவரால்தான், சிர்கா திரும்ப வேலைக்கு வந்தாள். குழந்தை பேகாய்க்கு மூன்று வயதாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான் குபாத். மாமியாருக்கு முட்டி வலி, ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியாது. "நான் பார்த்துக்கிறேன், அவ போகட்டும்" என்று மாமனார் சொல்லிவிட்டார். வாசல் பெஞ்சில் தினமும் நடந்த டோமினோ ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்துவிட்டார். ஆட்டக்காரர்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று, "என்னப்பா, ஆயா வேலை கிடைச்சிடுச்சா?" என்று கத்துவார்கள். இவர் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

இப்படி ஒருவர் விட்டுக்கொடுத்துக் கிடைத்த வேலை இரண்டே மாதத்தில் கையை விட்டுப் போகப் பார்த்தது. நவம்பர் மாதம், வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே வெளியே நிலக்கரிப் புகை ஆளை மறைத்தது.

கம்பெனி செய்வது சின்னப் பெட்டிகள். மலைக் கிராமத்து மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டிவிடுவார்கள். உள்ளே குளிர் குறைந்தாலோ கரண்ட் போனாலோ நர்ஸின் போனுக்குச் செய்தி அனுப்பும். பழைய மென்பொருளுக்குக் கரண்ட் போனது தெரியாது, புதியதற்குத் தெரியும். புதியதைக் கட்டி, மூட்டையாக்கி, பெட்டிக்குள் ஏற்றுகிற வரைக்கும் எல்லா வேலையையும் 'பில்டு' என்பார்கள். முன்பு அதைக் கையாலேயே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்த சிர்கா, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் முடிக்கிற மாதிரி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டுதான் அது.

அவள் மேஜையில் அழகாக ஓடியது. பெட்டியில் ஏற்றும் கடைசிப் படி மட்டும் அங்கே கிடையாது. அதற்கான கருவி பில்டு அறையில்தான் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் ஓட்டினால் கடைசி வரியில் பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று வந்தது. பெட்டியைப் போட்டுப் பார்த்தால் உள்ளே போன வருஷத்து மென்பொருள்! திங்கட்கிழமை ஒரு தடவை. புதன்கிழமை ஒரு தடவை. ஒரு பிழைச் செய்தியாவது வந்ததா? வரவில்லை. திட்டிக்கொண்டே கெடுக்கிறவனைக்கூடச் சமாளித்துவிடலாம். சிரித்துக்கொண்டே கெடுக்கிறவனை என்ன செய்வது?

எர்மெக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சிர்கா, பதினாலு பெட்டி. இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஜானிஷ் வண்டியை எடுத்தாகணும். நாளைக்குப் பனி கொட்டும்னு ரேடியோவுல சொல்றான். கணவாயை மூடிட்டா அந்தப் பதினாலு ஊருக்கும் இனி வசந்தத்துலதான் போக முடியும். புதுசு ஏறலைன்னா பழசையாவது ஏத்தி அனுப்பித்தான் ஆகணும்."

"சரி, பைகே," என்றாள். வயதில் மூத்த ஆண்களெல்லாம் அங்கே 'பைகே', அதாவது அண்ணன்.

"அப்படி ஆச்சுன்னா பில்டு வேலை இனி இஸ்மார் கையில. உனக்குக் கொடுக்க எங்கிட்ட வேற வேலை இல்லம்மா. கோவிச்சுக்காத." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் தொப்பியைப் பார்த்துச் சொன்னார்.

சிர்கா பில்டு அறைக்குப் போய் உட்கார்ந்தாள். மாமனாரிடம் போய் என்ன சொல்வது? "நீங்க டோமினோ ஆடவே போயிருக்கலாம் அத்தா" என்றா?

இஸ்மார் டோக்மோக்கைச் சேர்ந்த, சீன வம்சாவளித் துங்கான்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்க்கும் மூளைக்கும் நடுவே கதவே இல்லாத மனுஷர். அவர் பில்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மருமகளே, உன் பறவை இன்னைக்காவது புது முட்டை போட்டுச்சா? இல்ல, அதே கூழ்முட்டைதானா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க பைகே. நானே வெந்து நொந்து உட்கார்ந்திருக்கேன்."

"நான் சும்மா இருந்தா வேலை எனக்கு வந்துடும். எனக்கு அது வேண்டாம்மா, சத்தியமா வேண்டாம். நகரு, நானும் பார்க்கிறேன்."

அவள் நகர்ந்தாள். முதலில் எந்திரத்தின் தற்காலிக நினைவைத் துடைத்தார்கள். அப்போதும் பழசு. வேறு பெட்டியை மாட்டினார்கள், பழசு. வயரை மாற்றினார்கள், அதற்கும் பழசு. இஸ்மார் தாடையைச் சொறிந்தார்.

"போன வருஷத்து மூட்டை இப்ப எங்கெல்லாம் இருக்கு?"

"லாச்சின்ல மட்டும்தான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

"அப்ப உன் ஸ்கிரிப்ட் லாச்சின்கிட்டதான் போய் எடுக்குது. லாச்சின்னு எங்க எழுதியிருக்கு, தேடு."

தேடினாள். அவளுடைய ஸ்கிரிப்டில் தேடினாள், அது துணைக்கு அழைக்கிற ஸ்கிரிப்டுகளில் தேடினாள், கம்பெனி பிறந்த நாளிலிருந்து எழுதிய அத்தனையிலும் தேடினாள். 'லாச்சின்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பெயரே தெரியாத வீட்டுக்குப் போய்த் தினமும் சோறு வாங்கி வருகிறதாம் இந்த ஸ்கிரிப்ட்!

"பேய்தான் புகுந்திருக்கு," என்றார் இஸ்மார். "ஓதி ஊத மோல்டோவைக் கூட்டிட்டு வரவா?"

"முதல்ல உங்களுக்கு ஓதணும்."

ஒவ்வொரு வரியும் ஓடும்போதே திரையில் காட்டு என்று ஷெல்லுக்குக் கட்டளை போடலாம். போட்டாள். நாலாயிரம் வரி கொட்டியது. எல்லாம் கோப்புப் பாதைகள், எண்கள், மறுபடி எண்கள். எண்ணுக்கு முகமா இருக்கிறது, பார்த்ததும் அடையாளம் தெரிய? பென்சிலும் கையுமாக முன்னூறு வரி வருவதற்குள் கண் பூத்துப்போயிற்று. மணி பன்னிரண்டே கால். இஸ்மார் சாப்பிடப் போனவர், அவளுக்கும் ஒரு கிண்ணம் அஷ்லியான்ஃபூ நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார். காரச் சாறு மணக்க அது அப்படியே இருந்தது.

அப்போதுதான் ஓட்டுநர் ஜானிஷ் பைகே டீ குடிக்க மேலே வந்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். காதெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. சிர்கா எழுந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். தலை போகிற நேரத்திலும் பெரியவருக்கு டீ ஊற்றாமல் இருக்க முடியுமா?

"மகளே, வண்டியைச் சூடு பண்ணிட்டேன். பெட்டி எப்ப வரும்?"

"தெரியல பைகே. பறவையில புதுசு உட்கார்ந்திருக்கு. அதை எடுன்னா எடுக்க மாட்டேங்குது. பழசை எடுத்துட்டு வருது."

"எந்தப் பறவையில?"

"என்ன பைகே, புதுசா கேட்கிறீங்க? பறவைன்னா பறவைதான்."

ஜானிஷ் பைகே டீயை ஊதிக்கொண்டே சிரித்தார். "உனக்கு முன்னால மைராம் இருந்தாள்ல, அவளும் இப்படித்தான். 'பறவை, பறவை'ம்பா. பழைய ஆபீசைக் காலி பண்ணி இங்க வந்தப்ப என்ன ஆச்சு தெரியுமா? 'பைகே, பறவையைப் பத்திரமா முன்சீட்டுல வச்சு எடுத்துட்டுப் போங்க'ன்னா. நானும் புதுசா வாங்கின ஷும்காரைத்தான் சொல்றான்னு அதைக் குழந்தை மாதிரி முன்னால வச்சேன். லாச்சினை நாற்காலிக்கு நடுவுல திணிச்சேன். வந்து இறங்கினதும் பார்த்தா, ஐயோ, என்ன ஒரு கத்து! 'என் பறவையை நாற்காலிக்கு அடியில போட்டுட்டீங்களே!'ன்னு."

சிர்கா தனக்கு ஊற்றிய டீக் கிண்ணத்தோடு திரும்பினாள்.

"லாச்சினையா பறவைன்னாங்க?"

"ஆமாம்மா. அவ மாமனார் பேரு லாச்சின்ல! அந்தப் பேரு அவ வாயில வருமா?"

கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து டீ மேஜையெல்லாம் ஓடியது. சிர்கா துடைக்கவில்லை. தன் திரைக்கு ஓடினாள்.

பெட்டியில் ஏற்றும் ஸ்கிரிப்டை எழுதியவள் மைராம். சிர்கா சேர்வதற்கு முன்பே வேலையை விட்டுக் கராகோலுக்குப் போனவள். சந்தேகம் கேட்க 'எஜே', அதாவது அக்கா, என்று அழைத்து நாலைந்து தடவை போனில் பேசியதோடு சரி. அந்த ஸ்கிரிப்டைச் சிர்கா முதல் வாரமே படித்திருந்தாள். அதில் 'குஷ்' என்று ஒரு வேரியபிள் இருப்பதையும் பார்த்திருந்தாள். வேரியபிள் என்றால் வேறொன்றுமில்லை, பெயர் ஒட்டிய டப்பா. உள்ளே எதை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். தன் ஸ்கிரிப்டிலும் அவள் 'குஷ்' என்றே ஒரு டப்பா வைத்திருந்தாள். அதற்குள் தன் பறவையின் முகவரி எண். மைராமின் குஷ்ஷைப் பார்த்ததும், "அட, எஜேயும் நம்ம மாதிரிதான் எழுதியிருக்காங்க" என்று சந்தோஷம்கூடப் பட்டாள். அது வேறு வீட்டு மாமனார் என்று யாருக்குத் தோன்றும்? பக்கத்தில் இருந்ததோ வெறும் எண். மைராமும் பெயரை எழுதாதவள் ஆயிற்றே!

ஷெல்லுக்கு வெட்கம் மானம் கிடையாது. ஒரே பெயரில் இரண்டு டப்பா வந்தால், "ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே" என்று ஒரு வார்த்தை கேட்காது. முன்னால் இருந்ததைக் கொட்டிவிட்டு, பின்னால் வந்ததைப் போட்டுக்கொள்ளும். சிர்கா ஷும்காரின் எண்ணைப் போட்டுவைத்தாள். நடுவில் மைராமின் ஸ்கிரிப்ட் உள்ளே வந்து, அதே டப்பாவில் லாச்சினின் எண்ணைப் போட்டது. அதற்கடுத்த வரி, "பறவையிடமிருந்து மூட்டையை எடு." எடுத்தது. எந்தப் பறவை என்று அதற்கென்ன கவலை?

மைராமின் ஸ்கிரிப்டை அழைக்கும் வரிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குஷ்ஷின் மதிப்பை அச்சிடச் சொல்லி ஓட்டினாள். முன்னால், நாலில் முடிகிற எண். பின்னால், ஒன்பதில் முடிகிற எண். அப்பாடா! பேயின் குடுமி கைக்கு வந்துவிட்டது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் இஸ்மார் வாயில் நூடுல்ஸோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டவருக்குப் புரை ஏறிவிட்டது.

"ரெண்டு மருமகளும் சேர்ந்து கம்பெனியையே கவுக்கப் பார்த்தீங்களே! சரி, பேரை மாத்து, ஓட்டு. மணி ஒண்ணு ஆகப்போகுது."

மாற்றலாம். ஆனால் பழைய குஷ்ஷை நம்பி வேறு எது எங்கே ஓடுகிறதோ? கண்ணை மூடிக்கொண்டு கை வைத்து, ஏற்கெனவே மலையில் இருக்கும் பெட்டிகள் படுத்துவிட்டால்? மைராமைக் கேட்காமல் முடியாது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"சிர்காவா? மாவு பிசைஞ்சுட்டு இருந்தேன். என்னடி, மூச்சு வாங்குது?"

சொன்னாள். மறுமுனையில் அணை உடைந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"ஐயோ என் தங்கமே! நீயும் பறவைதானா? எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் கழுதைன்னாவது வச்சிருப்பேனே!"

"மாமனாரைக் கழுதைன்னா?"

"அதுவும் சரிதான்." மைராம் சிரித்து ஓய்ந்தாள். "கேளு. அதை நம்பி வேற எதுவும் இல்ல. என் ஸ்கிரிப்டு மட்டும்தான். அந்த எந்திரத்தை அழிச்சிடாதீங்க, பழைய பெட்டிங்களுக்கு வேணும். பேரை மட்டும் மாத்து."

"என்ன பேரு வைக்கட்டும் எஜே?"

"அதோட சொந்தப் பேரையே வை. உனக்கென்ன தடை? உனக்கு அவர் யாரோ."

"லாச்சின்னு வைக்கட்டுமா?"

லைன் அறுந்துவிட்டதோ என்று சிர்கா திரையைப் பார்த்தாள். அறுபடவில்லை.

"எஜே?"

"இருக்கேன். இன்னொரு தடவை சொல்லு."

"லாச்சின்."

"மார்ச்சுல போயிட்டாரு சிர்கா. நாலு வருஷம் படுக்கை. என் கையாலதான் சோறு, என் கையாலதான் எல்லாம். ஆஸ்பத்திரியில பேரு கேட்டா பாஸ்போர்ட்டை நீட்டுவேன்."

"நானும் அதேதான் பண்றேன் எஜே."

"போனதுக்கு அப்புறம் வீட்டுல எல்லாரும் 'போனவரு', 'போனவரு'ங்கிறாங்க. பிள்ளைங்க 'அத்தா'ங்குதுங்க. அந்தப் பேரைச் சொல்றதுக்கு ஆளே இல்லாம போச்சு. எனக்கோ இப்பவும் வாய் வரல. எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் காதால கேட்கிறேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, சரி, அழுதா மாவு காஞ்சிடும். உன் ஸ்கிரிப்டையும் அனுப்பு. உன் பறவைக்கு நான் பேரு வைக்கிறேன். எனக்கென்ன, உன் மாமனாரை நான் பத்து தடவை எழுதுவேன்!"

அப்படித்தான் நடந்தது. பிஷ்கெக்கில் இருந்தவள் கராகோல்காரியின் மாமனாரை எழுதினாள். கராகோலில் இருந்தவள், கையில் மாவோடு, பிஷ்கெக்காரியின் மாமனாரைப் பதினோரு இடத்தில் எழுதி ஏழே நிமிஷத்தில் திருப்பி அனுப்பினாள். கோப்போடு ஒரு வரியும் வந்தது: 'நல்ல பேருடி, அடிக்க சுகமா இருக்கு.'

ஒன்று முப்பதுக்கு ஓட்டினாள். எர்மெக் வந்து பின்னால் நின்றார். இஸ்மார் நகத்தைக் கடித்தார். ஓடுவதற்கு முன் எந்திரங்கள் விழித்திருக்கின்றனவா என்று கூப்பிட்டுப் பார்க்கும் இரண்டு வரி உண்டு. இத்தனை நாள் அங்கே 'குஷ்' என்று வந்தது. இப்போது திரையில் தெளிவாக வந்தது:

ஷும்கார்: பதில் உண்டு.
லாச்சின்: பதில் உண்டு.

கடைசியில் பச்சை எழுத்து. அதை இனி யார் நம்புவது? பெட்டியை மாட்டிப் போட்டார்கள். சின்னத் திரையில் புதிய மென்பொருளின் எண் எழுந்தது. இஸ்மார் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். மேஜையில் இருந்த போன், 'கரண்ட் போய்விட்டது' என்று சிணுங்கியது. சிர்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார் எர்மெக். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "மிச்சம் பதிமூணையும் ஏத்துங்க."

"பைகே, பில்டு வேலை..." என்று சிர்கா இழுத்தாள்.

"உன்கிட்டதான். வேற யார் செய்வா? ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இனிமே ஸ்கிரிப்டுல ஆகாத பேரு வந்தா அடுத்தவங்களைக் கூப்பிட்டு எழுத வை. மூடி மூடி வைக்காத."

"நான் இருக்கேன்ல," என்றார் இஸ்மார். "எந்த வீட்டு மாமனாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு தட்டு மந்திக் கொழுக்கட்டை குடுத்தா போதும்."

பதினாலும் ஏறி முடிய இரண்டு முப்பத்தைந்து. ஜானிஷ் பைகே முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளை அடுக்கினார். முதல் பெட்டியை முன்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டு, "இந்தத் தடவை தப்பு நடக்காது மகளே" என்றார். வண்டி புகைக்குள் மறையும் வரை சிர்கா கோட்டுகூடப் போடாமல் வாசலில் நின்றாள். குளிர் உறைக்கவே இல்லை.

சாயங்காலம் மார்ஷ்ருத்கா வேனில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தாள். எதிரே நின்றவர் காலை மிதித்ததற்கும் சிரித்தாள். வீட்டில் மாமனார் கதவைத் திறந்தார். ஒரு கையில் குழந்தை, சட்டையெல்லாம் கஞ்சி.

"இன்னைக்கு நான் எப்படிம்மா இருந்தேன்?"

ஷூவைக் கழற்றக் குனிந்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல அத்தா. நல்லா இருந்தீங்க. ரொம்ப நல்லா இருந்தீங்க."

"அதுக்கு ஏம்மா அழற?" கிழவர் பயந்துபோனார். "ஏய் கிழவி, டீ போடு, பிள்ளை அழுது!" என்று உள்ளே குரல் கொடுத்தார். மருமகளுக்கு மாமியார் டீ போட்டது அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

டீயில் ஒரு மிடறு குடித்திருப்பாள், போன் அடித்தது. மைராம்.

"வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு எஜே. கணவாயைக்கூடத் தாண்டிட்டாராம். என் வேலையும் தப்பிச்சுது. எல்லாம் உங்களாலதான்."

"அது கிடக்கட்டும். ஒண்ணு கேட்கணும். அந்தப் பேரு ஓடும்போது எங்கயாவது தெரியுமா? இல்ல, உள்ளேயே கிடக்குமா?"

"தெரியும் எஜே. ஒவ்வொரு தடவையும் முதல்ல கூப்பிட்டுப் பார்ப்போம். 'லாச்சின்: பதில் உண்டு'ன்னு வரும்."

"பதில் உண்டுன்னா வரும்?"

"ஆமா."

மைராமின் பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை போடும் சத்தம் கேட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓட்டுவீங்க?"

"பத்து, பன்னெண்டு தடவை ஓட்டுவோம்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஆள் வர மாட்டாங்க. ஆனா காலையில எட்டு மணிக்குத் தானா ஒரு தடவை ஓடும்."

"அப்ப சரி," என்றாள் மைராம். "ஞாயித்துக்கிழமையும் யாரோ ஒருத்தர் அவரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க." போனை வைத்துவிட்டாள்.

மாமனார் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே, "யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க ஆபீஸ் எஜே, அத்தா. உங்களுது நல்ல பேருன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, சிர்கா அவர் கிண்ணத்தை வாங்கி மறுபடி டீ ஊற்றினாள்.